ஃப்ரிட்ஜ் கதவில் டேப், உள்ளே சின்னக் கெக்: அளப்பதிலிருந்து முதல் டம்ளர் சோடா வரை

பானத்தை வாயு அழுத்தத்தில் அடைத்துவைக்கும் கலம்தான் கெக். அதை ஃப்ரிட்ஜுக்குள் நிறுத்திக் கதவில் டேப் (குழாய்) பொருத்தினால், வேண்டும்போது டம்ளரில் பிடிக்கலாம். அந்தக் கெக்கை வாங்குவதற்கு முன் ஃப்ரிட்ஜை அளந்துவிட வேண்டும். இந்த வரிசை மாறினால், பளபளவென்று வந்திறங்கிய எவர்சில்வர் கெக் ஃப்ரிட்ஜுக்குள் நுழையாமல் பரணுக்குத்தான் போகும். கெக்கின் கொள்ளளவைப் பார்த்தே எல்லாரும் வாங்குகிறார்கள். ஆனால் பொருந்துவதும் பொருந்தாததும் லிட்டர் கணக்கில் இல்லை. விட்டம், ஹோஸை மாட்டும் இணைப்பியோடு சேர்ந்த உயரம், ஃப்ரிட்ஜின் அடியில் கம்ப்ரஸர் மேட்டுக்கு முன்னால் கிடைக்கும் ஆழம் ஆகிய மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

உள்ளே எதை ஊற்றுவது என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் இருக்கிறது. அந்தக் கடைகளில் பீர் பாட்டிலிலும் டின்னிலும்தான் வருகிறது, கெக்காக வீட்டுக்கு வாங்கிவர முடியாது. அனுமதியில்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு வீட்டில் இந்தக் கெக்கை வைத்தால் அதற்குள் போக வேண்டியது சோடா. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் உறவுக்காரர்கள் கெக் பீருக்கே இதைப் பொருத்திக்கொள்ளலாம். அளக்கும் முறையும் துளையிடும் முறையும் ஒன்றுதான். வாயு அழுத்தமும் ஹோஸின் நீளமும் மட்டும் மாறும், அந்த அளவுகளையும் உரிய இடத்தில் தந்திருக்கிறோம்.

சோடாவுக்குப் பீர் கெக்கா என்று தயங்க வேண்டாம். உலகெங்கும் வீட்டில் பீர் வைப்பவர்கள் பயன்படுத்தும் கார்னி கெக் சோடாவுக்கென்றே பிறந்தது. குளிர்பான நிறுவனங்கள் சிரப்பை நிரப்பிக் கடைகளுக்கு அனுப்பிய கலம் அது. பிறகுதான் பீர்க்காரர்கள் கைக்குப் போனது. செட்டிநாட்டு வீட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். விருந்து முடிந்து எழுந்தவர்களுக்கு எலுமிச்சை சோடா, நன்னாரி, பன்னீர் என்று ஆளுக்கொன்றாகக் கொடுக்க, 9 லிட்டர் சோடா இருந்தால் 200 மில்லி டம்ளரில் 45 பேருக்கு வரும்.

முதல் வேலை: ஃப்ரிட்ஜை அளப்பது

நம் வீடுகளில் அதிகம் இருப்பது 180 முதல் 195 லிட்டர் வரையிலான ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் வெளி அகலம் 53, 54 செ.மீ. இருக்கும். சுவர்க் கனம் போக உள்ளே 45 செ.மீ. அளவில் கிடைக்கும். அகலம் யாருக்கும் சிக்கலாவதில்லை. ஆழம்தான் ஏமாற்றும்.

காய்கறி டிரேயை வெளியே எடுத்துவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தரை படிபோல எழும்பியிருக்கும். கெக் நிற்கப்போவது அந்தப் படிக்கு முன்னால் உள்ள தரையில். படியின் விளிம்பிலிருந்து கதவின் உள்புறம் வரை அளக்க வேண்டும், பின்சுவரிலிருந்து அல்ல. கதவின் உள்புறத்திலும் பாட்டில் வைக்கும் தட்டு புடைத்துக்கொண்டு வரும். கழற்றக்கூடிய தட்டானால் கழற்றிவிட்டு அளக்கலாம். கதவோடு வார்த்த முகடுகள் இருந்தால் அவற்றின் நுனிதான் எல்லை.

உயரத்தைத் தரையிலிருந்து, கழற்ற முடியாத முதல் தடை வரை அளக்க வேண்டும். கண்ணாடித் தட்டுகளை எடுத்துவிடலாம். ஃப்ரீஸர் பெட்டிக்கு அடியில் தொங்கும் தண்ணீர்த் தட்டை எடுக்கக் கூடாது. ஐஸ் உருகும் தண்ணீர் அதில்தான் விழும். ஆகவே தரையிலிருந்து அந்தத் தட்டின் அடிவரை உள்ளதே உண்மையான உயரம். கெக்கின் தலையில் இணைப்பி மாட்டி ஹோஸ் மடங்காமல் வளைய, கெக் உயரத்துக்கு மேல் குறைந்தது 5 செ.மீ. விட்டுவையுங்கள். ஹோஸ் நெரிந்தால் நுரை தவிர ஒன்றும் வராது.

அளவு நாடாவால் அளந்த எண்ணை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தடித்த அட்டையை 22 செ.மீ. விட்டத்துக்குச் சுருட்டி, 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, நூலால் கட்டி உள்ளே நிறுத்துங்கள். அதன் மேல் விளிம்பில், கதவைப் பார்த்த பக்கம், சப்பாத்தி மாவில் ஒரு சின்ன உருண்டையை ஒட்டிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். உருண்டை நசுங்கியிருந்தால் எத்தனை மில்லிமீட்டர் இடிக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். நசுங்கவில்லை என்றால் கதவு ரப்பர் சுற்றிலும் ஒட்டுகிறதா என்று ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் லேசாக உருவிக்கொண்டு வந்தால் கதவு முழுதாகச் சாத்தவில்லை. அந்த நிலையில் கோடையில் ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடும், உள்ளே பனி கட்டும்.

எந்த அளவுக் கெக்

சந்தையில் கெக் என்ற ஒரே பெயரில் நான்கு வகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

முதலாவது 5 லிட்டர் தகர டின். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இதுதான். ஏறக்குறைய 17 செ.மீ. விட்டம், 25 செ.மீ. உயரம். எந்த ஃப்ரிட்ஜிலும் நிற்கும். ஆனால் ஒருமுறைப் பயன்பாட்டுக்குச் செய்தது. உள்ளே பூசிய பூச்சு கீறினால் தகரம் துருப்பிடிக்கும். சில டின்களில் அடியிலேயே சின்ன டேப் இருக்கும், மேலே காற்றுத் துளையைத் திறந்தால் தானாக வடியும். காற்று உள்ளே போவதால் ஓரிரு நாளில் குத்தல் போய்விடும். கதவு டேப்போடு நேரடியாக இணைக்க வழி கிடையாது. காலி டின்னில் சோடா நிரப்பும் எண்ணமும் வேண்டாம்.

இரண்டாவது, வாய் அகன்ற எவர்சில்வர் மினி கெக். 2, 4, 5 லிட்டரில் வருகிறது. 4 லிட்டர் கெக்கின் விட்டம் 15, 16 செ.மீ. அளவில்தான் இருக்கும். மூடியில் வாயுவுக்கு ஒன்று, பானத்துக்கு ஒன்று என இரண்டு முனைகள் உள்ள மூடியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு இது தாராளம். வாடகை வீட்டில் இருப்பவர்களும், ஃப்ரிட்ஜில் துளை போட மனம் வராதவர்களும் டேப்பை மூடியிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் எங்கள் தேர்வு: 9.5 லிட்டர் கார்னி கெக். விட்டம் 22 செ.மீ. சுற்றி, உயரம் தயாரிப்பைப் பொறுத்து 42 முதல் 45 செ.மீ. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் கீழ்க் கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். இதன் அண்ணன் 19 லிட்டர். விட்டம் ஏறத்தாழ அதே, உயரம் மட்டும் 63 செ.மீ.க்கு மேல். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் தண்ணீர்த் தட்டு இடிக்கும். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜிலும் கீழறையை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது, பீர் ஆலைகளின் கெக். 20, 30, 50 லிட்டர். நடுவில் ஒரே வால்வு, அதற்கு ஏ, டி, எஸ், ஜி, எம், யு என்று எழுத்தால் பெயரிட்ட கப்ளர்கள் எனப்படும் இணைப்பிகள். ஒன்றுக்குரியது இன்னொன்றில் உட்காராது. வெளிநாட்டில் பீர் வாங்கி வைப்பவர்கள் எந்த எழுத்து என்று கேட்டுவிட்டே கப்ளர் வாங்க வேண்டும். இந்தக் கெக்குகள் ஆலையின் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டியவை. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நடுவில் இருக்கும் ஈட்டிக் குழாயை அழுத்தம் உள்ளே இருக்கும்போது கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு போலக் கிளம்பும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளை, செம்புக் கலங்கள் அழகழகாக இருக்கும். அவற்றை முகப்பில் வையுங்கள். அழுத்தத்தில் உள்ள சோடா ஓர் அமிலம், அது செம்பையும் பித்தளையையும் கரைத்துத் தண்ணீரில் கலக்கும். கெக் மட்டுமல்ல, டேப், ஷேங்க் எனப்படும் கதவுக் குழாய் எல்லாமே 304 ரக எவர்சில்வராக இருக்க வேண்டும். குரோம் பூசிய பித்தளை டேப் விலை குறைவு. சில மாதத்தில் உள்பூச்சு தேய்ந்து, காலையில் பிடிக்கும் முதல் டம்ளரில் காசைச் சப்பிய ருசி வரும். அந்த ருசி வந்த அன்றே டேப்பை மாற்றிவிட வேண்டும்.

பழைய கெக் வாங்கும்போது

கார்னி கெக்கில் இரண்டு ரகம். பால் லாக் பெப்சி பயன்படுத்தியது, பின் லாக் கோக் பயன்படுத்தியது. பின் லாக்கில் முனையைச் சுற்றிச் சின்னக் கொம்புகள் இருக்கும், வாயு முனைக்கு இரண்டு, பான முனைக்கு மூன்று. பின் லாக் சற்றுக் குட்டை, சற்றுக் குண்டு. உதிரி பாகம் எளிதாகக் கிடைப்பது பால் லாக்குக்குத்தான், அதையே எடுங்கள். பால் லாக்கில் வாயு முனையின் அடியில் வெட்டுக் குறிகள் இருக்கும், பான முனையில் இருக்காது. இணைப்பிகளில் வாயுவுக்குச் சாம்பல் அல்லது வெள்ளை, பானத்துக்குக் கறுப்பு என்பது வழக்கம். இரண்டையும் மாற்றி அழுத்தி மாட்டினால் உட்கார்ந்துவிடும், திரும்பக் கழற்றத்தான் முடியாது.

சிறிய கெக்குகள் சென்னை, பெங்களூரில் பார் உபகரணம் விற்பவர்களிடமும் இணையத்திலும் கிடைக்கின்றன. பழையதானால் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் ஊசிக் குத்துப் போல இருந்தால் விட்டுவிடுங்கள். அவை தேய்த்தால் போகாது, வளரும். மூடி உட்காரும் வாய் விளிம்பை விரலால் தடவிச் சுற்றுங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் வாயு நிற்காது. வெளியே சின்ன நெளிசல் பரவாயில்லை. கெக்கின் மேல் குத்தியிருக்கும் உச்ச அழுத்தத்தைப் படியுங்கள். கார்னி கெக்கில் 130 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்று இருக்கும். மினி கெக்குகளில் இது மிகக் குறைவு. நமக்கு வேண்டியது 30தான் என்றாலும், எண்ணே குத்தாத கெக்கைத் தொடாதீர்கள். எல்லா ரப்பர் வளையங்களையும் வாங்கிய உடனே மாற்றிவிடுங்கள். பழைய ரப்பரில் முந்தைய சிரப்பின் வாசனை ஊறியிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது.

வாயுக் கணக்கு

இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நல்ல குத்தலுள்ள சோடாவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 4 லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு கரைந்திருக்கும். எடையில் அது 8 கிராம். வீட்டில் சோடா தயாரிக்கும் பாட்டிலான சோடா சைஃபனில் ஒரு லிட்டருக்கு 8 கிராம் வாயு அடைத்த சின்னக் குண்டு ஒன்று போடுவது இதனால்தான். 9 லிட்டருக்கு 72 கிராம் கரைய வேண்டும். அது மட்டும் போதாது. சோடா வெளியே வரவர அந்த இடத்தை வாயு நிரப்ப வேண்டும். 9.5 லிட்டர் கெக் காலியாகும்போது 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் உள்ளே மிஞ்சி நிற்கும் வாயுவே 55 கிராம் இருக்கும். ஆக, ஒரு நிரப்புக்கு ஏறத்தாழ 130 கிராம்.

இப்போது, வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் மினி ரெகுலேட்டரோடு வரும் 16 கிராம் குண்டைப் பாருங்கள். 9 லிட்டர் கெக்குக்கு இவை எட்டு வேண்டும். அந்தக் குண்டு ஏற்கெனவே வாயு ஏறிய பானத்தைத் தள்ளுவதற்கு மட்டும் சரி. 4 லிட்டர் பீரை 12 பிஎஸ்ஐயில் காலி செய்ய ஒரு குண்டு ஏறக்குறையப் போதும். சோடா தயாரிக்க அதை நம்பினால் காசு கரியாகும். சோடா மெஷினில் மாட்டும் 400 கிராம் அளவுச் சின்ன உருளையை அடாப்டர் வைத்து மாட்டினால் மூன்று நிரப்பு வரும். 2 கிலோ உருளையானால் பதினைந்து, அதாவது 135 லிட்டர் சோடா. அடிக்கடி விருந்து நடக்கும் வீட்டுக்கு 2 கிலோ உருளையே கட்டுப்படியாகும்.

உணவுத் தர வாயு என்று கேட்டு, உரிமம் பெற்ற நிரப்பகத்தில் மட்டும் நிரப்புங்கள். வெல்டிங் வாயுவும் அதே மூலக்கூறுதான் என்று சொல்வார்கள். ஆனால் அந்த உருளைக்குள் என்ன எண்ணெய், என்ன துரு கிடக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. உருளையின் தோளில் குத்தியுள்ள சோதனைத் தேதியையும் வெற்று எடையையும் பார்த்து வாங்குங்கள். வெற்று எடை முக்கியம். இந்த வாயு உள்ளே திரவமாக இருப்பதால் உயர் அழுத்த மீட்டர் கடைசிவரை ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்து, திரவம் தீர்ந்ததும் சடாரென்று விழும். எவ்வளவு மிச்சம் என்பதைத் தராசில் நிறுத்துத்தான் அறிய முடியும்.

வெயிலைப் பற்றி ஒரு கண்டிப்பு. கார்பன் டை ஆக்ஸைடு 31 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உருளைக்குள் இருப்பது முழுதும் அழுத்தமான வாயு, ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் ஏறும். அளவுக்கு மேல் நிரப்பச் சொல்லாதீர்கள். காரில் விட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குள் போகாதீர்கள். வீட்டில் நிமிர்த்தி, சங்கிலியோ கயிறோ போட்டுச் சுவரோடு கட்டுங்கள். வளவை ஒட்டிக் காற்று போய்வரும் இடம் நல்லது. சாமான் அறை கூடவே கூடாது. 2 கிலோ முழுதும் கசிந்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் வாயு. எட்டடிக்கு எட்டடி மூடிய அறையில் அது காற்றில் 5 சதவீதத்தைத் தாண்டும். தலைவலி, மூச்சிரைப்பில் தொடங்கி மயக்கம்வரை போகும். வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். பாயில் படுத்திருப்பவருக்கும் தவழும் குழந்தைக்கும்தான் முதலில் ஆபத்து.

கதவில் துளை

தண்ணீர் டிஸ்பென்சர் உள்ள ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் அதே டேப்பை பயன்படுத்த முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. அது தண்ணீர் தானாக வடிவதற்குச் செய்த பிளாஸ்டிக் டேப், 30 பிஎஸ்ஐயைத் தாங்காது.

துளையைக் கதவில் மட்டுமே போட வேண்டும். பக்கச் சுவர்களுக்குள் பல மாடல்களில் சூடான வாயுக் குழாய்கள் ஓடுகின்றன. இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் குளிர்விக்கப் பயன்படும் ஆர்600ஏ தீப்பிடிக்கும் வாயு. சுவரில் டிரில் பட்டால் ஃப்ரிட்ஜும் போகும், ஆளுக்கும் ஆபத்து. கதவுக்குள் பெரும்பாலும் நுரைப் பஞ்சு மட்டும்தான். கதவில் டிஸ்ப்ளே, பொத்தான் இருந்தால் வயர் ஓடும், அந்த ஃப்ரிட்ஜை விட்டுவிடுங்கள். துளை போட்டதும் வாரண்டி போய்விடும் என்பதால், வாரண்டி முடிந்த இரண்டாவது ஃப்ரிட்ஜ் இதற்கு ஏற்றது.

பிளக்கைப் பிடுங்குங்கள். இடத்தை உள்புறமிருந்து தேர்ந்தெடுங்கள்: ஃப்ரீஸர் பெட்டிக்குக் கீழே, இரண்டு முகடுகளுக்கு நடுவே சமதளமாக உள்ள இடம். அங்கே 3 மி.மீ. பிட்டால் நேராக வெளியே வரும்வரை ஓட்டை போடுங்கள். வெளியே வந்த புள்ளியின் கீழ் உயரமான டம்ளரும் அதன் கீழ்த் தட்டும் வைக்க இடமிருக்கிறதா என்று பார்த்த பிறகே பெரிய துளை. ஷேங்க் பெரும்பாலும் 22 மி.மீ. தடிமன். அதற்கு 25 மி.மீ. ஹோல் சா (வட்டமாகத் துளை வெட்டும் பிட்) போதும். வெளித் தகடை வெளியிலிருந்தும், உள் பிளாஸ்டிக்கை உள்ளிருந்தும் தனித்தனியாக வெட்ட வேண்டும். ஒரே பக்கமிருந்து தள்ளினால் பிளாஸ்டிக் நட்சத்திரம்போல விரிசல் விடும்.

கதவின் கனம் 4, 5 செ.மீ. இருக்கும், 10 செ.மீ. ஷேங்க் வாங்கினால் நட்டு முடுக்க இடம் கிடைக்கும். நுரைப் பஞ்சின் மேலேயே நட்டை முடுக்கினால் தகடு உள்வாங்கிக் குழி விழும். ஷேங்க் நுழையும் பிவிசி குழாயில் கதவுக் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி இடையில் நுழைத்தால் அந்தத் துண்டு முடுக்கைத் தாங்கும். அப்படியானால் ஹோல் சா அளவைக் குழாயின் வெளிவிட்டத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிவிடுங்கள். இல்லையென்றால் ஈரம் பஞ்சுக்குள் இறங்கிக் கதவு வேர்க்கும்.

வாயு ஹோஸும் உள்ளே போக வேண்டும். சின்ன உருளையானால் ரெகுலேட்டரோடு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கெக் பக்கத்தில் நின்றுவிடும். பெரிய உருளையானால் கதவின் கீல் பக்கம் இன்னொரு சின்னத் துளை போட்டு ஹோஸை உள்ளே விடுங்கள். உள்ளே போகும் இரண்டு ஹோஸும் கீல் பக்கம் தாராளமாக வளைந்து கிடக்கட்டும். இறுக்கமாக இருந்தால் கதவு திறக்கும்போதெல்லாம் இணைப்பியை இழுக்கும்.

டேப்பின் கீழே சொட்டுத் தட்டு கட்டாயம். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது. சோடாவும் எலுமிச்சைச் சாறும் தினமும் ஒரே இடத்தில் சொட்டினால் பளபளப்பு போய் வெள்ளைத் திட்டு விழும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நிரப்பும் முறை

தண்ணீர் நன்றாக இருந்தால்தான் சோடா நன்றாக இருக்கும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் கிடைக்கும் வீட்டில் கவலையில்லை. குளோரின் வாடை உள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள், வாயு ஏறினால் அந்த வாடை இரட்டிப்பாகத் தெரியும். கெக்கில் 9 லிட்டர் ஊற்றுங்கள், விளிம்புவரை வேண்டாம். வாயு இறங்கும் குட்டைக் குழாய் தண்ணீரில் மூழ்கினால் தண்ணீர் ஹோஸ் வழியே ரெகுலேட்டருக்குள் ஏறி அதைக் கெடுத்துவிடும்.

கெக்கின் எடை இப்போது 12, 13 கிலோ. ஃப்ரிட்ஜின் அடிப் பிளாஸ்டிக் மெல்லியது, ஆகவே 12 மி.மீ. பிளைவுட் துண்டைப் போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். மூடி வளையத்தில் உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவி மூடி, 30 பிஎஸ்ஐ கொடுங்கள். கார்னி மூடி உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தால்தான் இறுகும், வாயு கொடுத்த பிறகே கசிவு பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீரை மூடியிலும் இரண்டு முனைகளிலும் ஹோஸ் கிளிப்புகளிலும் தடவுங்கள். ஒரே ஒரு குமிழ் மெல்ல ஊதிப் பெருத்தாலும் அது கசிவுதான். இரவு முழுதும் அந்தக் குமிழ் ஊதினால் காலையில் உருளை காலியாக இருக்கும்.

அடுத்துப் பலர் விட்டுவிடும் வேலை. மூடியிலுள்ள வளையத்தை இழுத்து வாயுவை வெளியே விடுங்கள், திரும்ப 30 ஏற்றுங்கள், திரும்ப விடுங்கள். மூன்று முறை. தண்ணீருக்கு மேல் இருக்கும் காற்றை வெளியேற்றத்தான் இது. காற்று உள்ளேயே இருந்தால் மீட்டர் 30 என்று காட்டும், ஆனால் அதில் ஒரு பங்கு காற்றின் அழுத்தம். சோடா மந்தமாகத்தான் வரும்.

4 டிகிரியில் 30 பிஎஸ்ஐ கொடுத்து விட்டுவைத்தால் நான்கைந்து நாளில் தானாக ஏறிவிடும். நாளைக்கே விருந்து என்றால், தண்ணீரை முதலில் ஓர் இரவு முழுக்கக் குளிரவிட்டு, கெக்கைப் படுக்கப் போட்டு மடியில் வைத்துப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். வாயு உள்ளே இழுபடும் ‘ஸ்’ என்ற ஓசை கேட்கும். ஓசை அடங்கினால் தண்ணீர் அதற்கு மேல் வாங்கவில்லை என்று பொருள். ஆட்டும்போது ரெகுலேட்டர் கெக்கைவிட உயரத்தில் இருக்கட்டும். குளிராத தண்ணீரில் இது நடக்காது. 30 டிகிரித் தண்ணீர் பாதி வாயுவைக்கூட வாங்காது.

சர்பத்தைக் கெக்குக்குள் கலக்காதீர்கள். நன்னாரியோ பன்னீரோ டம்ளரில் முதலில் ஊற்றி, டம்ளரைச் சாய்த்துச் சோடாவைப் பக்கவாட்டில் இறக்கினால் நுரை பொங்காது. சர்க்கரை ஹோஸில் ஏறினால் இரண்டே நாளில் டேப்பின் வாயில் எறும்பு வரிசை கட்டும், வாரத்தில் ஹோஸில் வழுவழுப்பு பிடிக்கும்.

நுரையாகவே வந்தால்

டேப்பைத் திறந்ததும் வெறும் நுரை பீறிட்டால் எல்லாரும் அழுத்தத்தைக் குறைப்பார்கள். குறைத்தால் அன்றைக்குச் சரியாகும், இரண்டு நாளில் சோடா செத்துவிடும். கரைந்த வாயு வெளியேறி மேலே நிரம்பிவிடும், குத்தல் இருக்காது. மாற்ற வேண்டியது ஹோஸின் நீளம். உள்விட்டம் 4.8 மி.மீ. உள்ள ஹோஸ், பானத்தின் வேகத்தை உராய்வால் தணிக்கிறது. 12 பிஎஸ்ஐயில் நிற்கும் பீருக்கு 3 மீட்டர் போதும். 30 பிஎஸ்ஐ சோடாவுக்கு 6, 7 மீட்டர் வேண்டும். அதைச் சுருட்டிக் கெக்கின் தலையில் வைத்துவிடலாம். இடமில்லை என்றால் வேகக் கட்டுப்பாட்டுத் திருகு உள்ள டேப் வாங்குங்கள். விலை கூடுதல்தான், சோடாவுக்கு அது நியாயமான செலவு.

முதல் டம்ளர் மட்டும் நுரைத்து அடுத்தது சரியாக வந்தால் பழுது எதுவும் இல்லை. வெளியே 38 டிகிரியில் காயும் டேப் சூடாக இருக்கிறது, அவ்வளவே. கால் டம்ளர் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். டேப்பைப் பாதி திறந்து மெதுவாகப் பிடிப்பதும் நுரைக்குக் காரணம். ஒரே இழுப்பில் முழுதாகத் திறக்க வேண்டும்.

சோடா வராமல் வாயு மட்டும் ஓசையிட்டால் பெரும்பாலும் ஹோஸ் உறைந்திருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீஸர் பெட்டிக்கு அருகே குளிர் கடுமை. சுருளைக் கீழே இறக்கி, தெர்மோஸ்டாட்டை நடு எண்ணில் வையுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் நாளில் கதவைத் திறக்காமல் இருந்தால், 9 லிட்டர் குளிர்ந்த தண்ணீரே சில மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும்.

கழுவுவது

சோடா மட்டும் வைக்கும் கெக்கை மாதம் ஒருமுறை கழுவினால் போதும். லிட்டருக்கு 5 கிராம் வீதம் வாஷிங் சோடாவைச் சூடான தண்ணீரில் கரைத்து, கெக்கில் ஊற்றி, கொஞ்சம் வாயு அழுத்தம் கொடுத்து டேப் வழியாகவே வெளியே விடுங்கள். ஹோஸும் டேப்பும் சேர்ந்து கழுவப்படும். பிறகு வழுவழுப்பு போகும்வரை வெறும் தண்ணீர், கடைசியாக ஒரு தடவை கொதித்து ஆறிய தண்ணீர். ஹோஸ் தாங்கும் சூட்டுக்கு மேல் போக வேண்டாம், கை பொறுக்கும் சூடே அளவு.

பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ கெக்கின் பக்கமே வரக் கூடாது. குளோரைடு எவர்சில்வரின் மேற்தோலை ஊசிக் குத்தாகத் துளைக்கும். துருப்பிடித்தலை ஆராய்வதற்குப் பெயர்போன மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டியதே காரைக்குடியில்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி நார் போட்டுத் தேய்ப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, உள்ளேயுள்ள ஸ்பிரிங் வால்வையும் வளையங்களையும் பாருங்கள். கழற்றும் முன் மூடி வளையத்தை இழுத்து அழுத்தம் முழுதும் போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாயு முனையையும் பான முனையையும் வெவ்வேறு கிண்ணத்தில் போட்டுக் கழுவுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மரை வேறாக இருக்கலாம், மாற்றி முடுக்கினால் மரை தேய்ந்துவிடும். மூடி வளையம் இரண்டு, முனை வளையம் நான்கு, ஒரு டேப் வாஷர் இவற்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கெக்கின் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள். விருந்து நாள் காலையில் காரைக்குடி முழுக்கத் தேடினாலும் இந்த அளவு வளையம் கிடைக்காது.